மயங்கியவர் அடிக்க வேண்டிய மணி

கருமலை ராஜ்யத்தை ஆண்ட வீரவேள் மன்னருக்குக் குளிர் ஆகவே ஆகாது. "ஊரில் ஒரு ஜன்னலும் திறந்திருக்கக் கூடாது. வீட்டுக்குள் கரி மூட்டிக் குளிர் காயுங்கள்" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

மூடிய அறையில் எரியும் கரி விஷக்காற்றைக் கக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. ஆளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும். நாலைந்து வீடுகளில் ஆட்கள் மயங்கி விழவே, மன்னர் அமைச்சர் திருமலையாரிடம் வழி கேட்டார்.

ஜன்னலைத் திறக்கச் சொன்னால் மன்னர் முகம் கோணுமே! திருமலையார் புதிதாக ஒரு சட்டம் போட்டார். வீட்டுக்கு ஒரு மணி கட்ட வேண்டும். மயங்கி விழுந்தவர் உடனே அதை அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் கசையடி.

முதலில் மாட்டியவர்கள் காவலன் மாசிலனும் அவன் மனைவி செங்கமலமும். அக்கம்பக்கத்தார் கதவை உடைத்து உயிரைக் காப்பாற்றினார்கள். நிற்கவும் தெம்பில்லாத அவர்களைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"ஏன் மணி அடிக்கவில்லை?" என்று அதட்டினார் திருமலையார்.

"மயங்கிக் கிடந்தோம் சாமி. எப்படி அடிக்கிறது?" என்றாள் செங்கமலம்.

"சாக்கு சொல்லாதே! மயங்கினால்தான் அடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எங்கே சவுக்கு?"

சபையின் விகடகவி கூத்தபிரான் எழுந்தார். "சட்டம் சரிதான் அரசே. பாவம், இவர்களுக்குத்தான் செய்யத் தெரியவில்லை. அமைச்சர் ஒருமுறை செய்து காட்டட்டுமே."

மன்னர் தலையசைத்தார். திருமலையார் மிடுக்காகச் சபையில் தொங்கிய மணியின் கயிற்றைப் பிடித்தார்.

"அவசரப்படாதீர்கள் ஐயா. முதலில் மயங்க வேண்டும்" என்றார் கூத்தபிரான்.

பக்கத்து அறையில் அந்த மணியைக் கட்டினார்கள். சட்டி நிறையக் கரி வைத்து, ஜன்னலைச் சாத்தி, அமைச்சரை உள்ளே விட்டுக் கதவை மூடினார்கள். தாழ்ப்பாள் விழுந்ததுதான் தாமதம், மணி கணகணவென்று அலறியது.

"ஐயோ, திறங்கள்! ஜன்னலைத் திறங்கள்! செத்துவிடுவேன்!"

வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார் அமைச்சர். கூத்தபிரான் சட்டியைக் கொண்டுவந்து மன்னரிடம் காட்டினார். கரியை யாரும் பற்றவைக்கவே இல்லை.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு வெட்கப்பட்டார். "தப்பு என்னுடையது. ஊரில் எல்லா ஜன்னல்களையும் திறங்கள், முதலில் என் அறையில்" என்றவர், தன் சால்வையை எடுத்துச் செங்கமலத்துக்குப் போர்த்தச் சொன்னார். "கூத்தபிரான், உனக்கு என்ன வேண்டும்?"

"எனக்கு ஒன்றும் வேண்டாம் அரசே. ஆள் மயங்குவதற்கு முன்பே அலறுகிற மணிதான் ஊருக்கு வேண்டும். நம் அமைச்சர் கரி பற்றுவதற்கு முன்பே அலறுகிறார். குளிர்காலம் முடியும் வரை இவரை வீட்டுக்கு வீடு கட்டித் தொங்கவிடலாமே!"