நீல வண்டிக்குக் காவல்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியே தலை நரைத்தவர் தாசையா. வீடு போன்ற கன்டெய்னர் பெட்டியை ஆகாயத்துக்குத் தூக்கி, கப்பல் தளத்தில் பூனை கால் வைப்பதுபோல் இறக்குவார். கார் மட்டும் ஓட்டத் தெரியாது.

ஓய்வு பெற்ற மறுவாரமே டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார். அதை நடத்தியவர் பல்கீஸ். தாசையாவின் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவரிடம் வண்டி பழகிய எல்லோருக்கும் அவர் டீச்சர். தாசையாவும் அப்படியே கூப்பிட்டார். அவர் இவரை அண்ணாச்சி என்றார்.

முதல் நாள் ஸ்டியரிங்கைப் பிடித்த கை நடுங்கியது.

“எத்தனை டன் பெட்டியைத் தூக்கின கை டீச்சர் இது. இந்தச் சின்ன வண்டிக்குப் போய் நடுங்குதே, ஏன்?”

“அங்க பெட்டி தொங்குச்சு. இங்க நீங்க உக்காந்திருக்கீங்க.”

தாசையா அதை யோசித்துக்கொண்டே கிளட்சை விட்டார். வண்டி துள்ளி நின்றது. இருவரும் சிரித்தார்கள்.

கேட்டதற்கெல்லாம் பல்கீஸ் பதில் சொல்ல மாட்டார். சில கேள்விகளுக்கு ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிடுவார். சில கேள்விகளுக்கு, “இன்னொரு ரவுண்டு போவோம்” என்பார். அந்த ரவுண்டு முடிவதற்குள் கேள்வி காணாமல் போயிருக்கும். அதனால் தாசையாவுக்கு அவர்மேல் பெரிய மரியாதை. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும், எதில் சந்தேகம் வந்தாலும் டீச்சரைத்தான் தேடிப் போனார்.

கார் வாங்கினார். ஆழ்கடல் நீலம். நிறத்தைத் தேர்ந்தெடுத்தது மனைவி ஞானப்பூ. ஷோரூமிலிருந்து வீடு வரும்வரை அவள் ஜன்னல் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். அன்று இரவு சாப்பிடும்போது கூடச் சிரித்தாள்.

மறுநாள் காலை தாசையா வண்டியைக் கழுவினார். வெயில் பட்டதும் பானெட்டில் ஆகாயம் தெரிந்தது, மேகம் தெரிந்தது, அவர் முகமும் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் துருப்பிடித்த இரும்போடு புழங்கிய மனுஷன். தன் முகம் இரும்பில் தெரிந்ததை அன்றுதான் பார்த்தார். அசந்து நின்றுவிட்டார்.

அதிலிருந்து பிடித்தது கிறுக்கு.

கழுவுவதைப் பற்றி எங்கெங்கோ கேட்டுப் படித்துக்கொண்டார். ஷாம்பு நுரைக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. முதலில் தண்ணீரை மட்டும் அடித்து மணலை ஓடவிட வேண்டும். மணல் இருக்கும்போது துணி பட்டால் அது கீறல். கூரையில் ஆரம்பித்துக் கீழே வர வேண்டும். வட்டம் வட்டமாகத் தேய்க்கக் கூடாது. தரையில் விழுந்த துணி, அதோடு தரை துடைக்கப் போய்விட வேண்டும். எல்லாம் காய்ந்ததும் மெழுகு. மெழுகின்மேல் மெத்தென்ற ஒரு துணியால் தடவல்.

பிறகு உறை வாங்கினார். உறைமேல் வெயில் படுகிறதே என்று ஷெட் போட்டார். ஷெட்டின் ஓரத்தில் காக்கா உட்கார்கிறதே என்று வலை கட்ட ஆள் சொல்லிவைத்தார்.

ஒருநாள் பல்கீஸ் வண்டி பழக்கும் மைதானத்துக்கு ஏதோ கேட்கப் போனார். சைக்கிளில் போனார்.

“வண்டி எங்க அண்ணாச்சி?”

“காத்துல உப்பு இருக்கு டீச்சர்.”

பல்கீஸ் சைக்கிளைப் பார்த்தார். மணியை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு” என்றார். அவ்வளவுதான்.

ஞானப்பூ முதலில் கேலி செய்தாள். சந்தைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது ஷெட் பக்கம் திரும்பி, “துரை தூங்குதாரா? சரி, எழுப்ப வேண்டாம்” என்பாள். தாசையாவும் சிரிப்பார். கொஞ்ச நாளில் கேலி நின்றது. நின்றதை அவர் கவனிக்கவில்லை.

நாசரேத்துக்கு அப்பால், செம்மணல் மேடான தேரிக்காட்டை ஒட்டிய ஊரில் ஞானப்பூவின் அக்கா இருந்தாள். அவள் பேத்திக்கு ஞானஸ்நானம் என்று சேதி வந்தது.

“கார்லயே போயிருவோம்” என்றாள் ஞானப்பூ. “அக்கா பாத்தா எவ்வளவு சந்தோசப்படுவா.”

தாசையா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “தேரி மண்ணு வழியாவா? அது மண்ணு இல்லட்டி, உப்புத்தாளு. காத்தடிச்சா வண்டி மேலெல்லாம் தேய்ச்சு எடுத்துரும்.”

“அப்ப நான்?”

“பஸ் போகுதுல்லா? ரெண்டு பேரும் பஸ்ல போயிருவோம்.”

அவள் கோபப்படவில்லை. அதுதான் பிறகு அவரை உறுத்தியது.

“நீங்க எதுக்கு? வலை கட்ட ஆளு வருதுல்லா. நீங்க வண்டிக்குத் துணையா இருங்க. நான் போயிட்டு வாரேன்.”

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பட்டுச் சேலை கட்டி, குழந்தைக்குத் தைத்த வெள்ளைக் கவுனை ஒரு பையில் மடித்து வைத்துக்கொண்டு படியிறங்கினாள். வலது முட்டு வலிக்கும் என்பதால் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். தெருமுனையில் திரும்பியபோது அவள் பின்னால் பார்க்கவில்லை.

தாசையாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வலை கட்டுகிறவரும் வரவில்லை. உறையை எடுத்தார். வண்டி பளபளவென்று நின்றது. அதில் முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்க அவருக்கே பிடிக்கவில்லை. டீச்சருக்குப் போன் போட்டார்.

“வண்டியை ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லணும் டீச்சர். எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கேன். ஆனா என்னமோ விட்டுப்போன மாதிரியே இருக்கு.”

பல்கீஸ் வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “கழுவுங்க, பாப்போம்” என்றார்.

கழுவி வைத்த வண்டியை மறுபடி கழுவினார்கள். பல்கீஸ் ஒரு துணியை எடுத்து அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். ஒரு இடத்தில் வட்டமாகத் தேய்த்துவிட்டு, தாசையா முகம் போன போக்கைப் பார்த்து உடனே நேராக இழுத்தார்.

“இவ்வளவு பக்குவமா எங்க பழகினீங்க?”

தாசையாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “பக்குவம் இல்லன்னா போச்சு டீச்சர். இரும்புக்குக் காவல் பிரைமர். பிரைமருக்குக் காவல் நீலப் பெயிண்ட். பெயிண்டுக்குக் காவல் மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. அதுக்குக் காவல் மெழுகு.”

“மெழுகுக்கு?”

“உறை.”

“உறைக்கு?”

“ஷெட்டு. ஷெட்டுக்கு வலை கட்டப் போறேன். அதுக்கு மேல என்ன செய்யன்னுதான் தெரியல. எதை விட்டேன் டீச்சர்?”

பல்கீஸ் துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். “என் கையெல்லாம் நுரை. கதவை நீங்க திறங்க.”

தாசையா திறந்தார். புது வண்டியின் வாசம் குப்பென்று வந்தது. இருக்கைகளின்மேல் பாலித்தீன் உறை அப்படியே இருந்தது. அதில் ஒரு கிழிசல்கூட இல்லை.

பல்கீஸ் குனிந்து எட்டிப் பார்த்தார். முன் இருக்கையைப் பார்த்தார். பின் இருக்கையைப் பார்த்தார். ஆளைத் தேடுகிறவர்போல இருக்கைக்குக் கீழேயும் பார்த்தார்.

“இத்தனை காவல் போட்டிருக்கீங்களே அண்ணாச்சி. உள்ள யாரு?”

தாசையா பாலித்தீன் போட்ட இருக்கைகளைப் பார்த்தார். ஈரத் துணியிலிருந்து தண்ணீர் அவர் கால்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஞானப்பூ அக்கா எங்க?” என்றார் பல்கீஸ்.

“பஸ்ல.”

பல்கீஸ் கையைக் கழுவிக்கொண்டார். செருப்பை மாட்டினார். தாசையா வீட்டுக்குள் ஓடிச் சாவியோடு வந்தபோது அவர் கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீங்களும் வாங்க டீச்சர். நான் தனியா அவ்வளவு தூரம் போனதே இல்ல.”

“தனியா எங்க போறீங்க? போறப்ப மட்டும்தான தனி.”

தாசையா கிளம்பினார். ஊரைத் தாண்டும்வரை தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. லாரி எதிரே வந்தால் மூச்சை அடக்கினார். உப்பளங்கள் போயின, வாழைத் தோட்டங்கள் வந்தன. ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. வண்டி அவர் நினைத்த இடத்துக்கெல்லாம் போயிற்று. கிரேனுக்குள் உட்கார்ந்திருந்த வருஷங்களில் அவர் எத்தனையோ சாமான்களை ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார். தான் இருந்த இடத்தைவிட்டு நகர்ந்ததில்லை. இப்போது பனைமரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் ஓட ஓட, யாரும் இல்லாத வண்டியில் அவர் சத்தமாக ஒரு கீர்த்தனை பாட ஆரம்பித்துவிட்டார்.

நாசரேத் பஸ் நிறுத்தத்தில் ஞானப்பூ நின்றிருந்தாள். தேரிக்காட்டுக்குப் போகும் மினிபஸ் ரொம்ப நேரமாக வரவில்லை. அதே ஊருக்குப் போக இன்னும் மூன்று பெண்கள் வேப்பமர நிழலில் காத்திருந்தார்கள். ஒருத்தியிடம் ஒரு பெரிய பலாப்பழம்.

தாசையா ஹாரன் அடித்தார். ஞானப்பூ யாருக்கோ என்று ஒதுங்கி நின்றாள். மறுபடி அடித்தார். அவள் நிமிர்ந்து நீலத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“வலை கட்டியாச்சா?” என்றாள்.

“ஏறுட்டி” என்றார் தாசையா. இறங்கிப் போய், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

அவள் ஏறவில்லை. பின்னால் திரும்பி, “வாங்க, எல்லாரும் வாங்க. நம்ம வண்டிதான்” என்றாள்.

ஏறினார்கள். பலாப்பழம் டிக்கியில் உருண்டது. பாலித்தீன் உறை சறுக்க, பின்னால் இருந்த மூவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். “என்னத்துக்குங்க இது, வழுக்குதே?” என்று ஒருத்தி கேட்க, ஞானப்பூ கணவரைப் பார்த்தாள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “கிழிச்சுப் போடுங்க” என்றார். பரபரவென்று கிழிந்த சத்தத்தில் அவர் முகம் ஒருமுறை சுளித்தது. பிறகு அதுவும் சிரிப்பாகிவிட்டது.

தார் ரோடு முடிந்தது. தேரி வந்தது. செக்கச் செவேலென்ற மணல் காற்றில் எழும்பி வண்டியைச் சுற்றிக்கொண்டது.

கோயில் மணி இரண்டாம் முறை அடித்தபோது போய்ச் சேர்ந்தார்கள். வெள்ளைக் கவுனை மாட்டியதும் குழந்தை அழுகையை நிறுத்தி எல்லோரையும் முறைத்துப் பார்த்தது. ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, ஊர்ப் பிள்ளைகள் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். தாசையா அவர்களை ஏற்றிக்கொண்டு தேரியை ஒட்டி ஒரு சுற்று போனார். வந்து இறக்கினால், ஏறாதவர்கள் வரிசையில் நின்றார்கள். ஞானப்பூவின் அக்காவும் நின்றாள். அவள் பக்கத்தில் பாதிரியாரும் நின்றார்.

பொழுது சாயும்போது நீல வண்டி சிவப்பு வண்டியாக இருந்தது. தாசையா சுற்றி வந்து பார்த்தார். பானெட் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். அங்கே ஞானப்பூ விரலால் புழுதியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். உலர்ந்த மணல்மேல் விரல் இழுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ‘ஐயோ’ என்ற சொல் தொண்டைவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். ஷோரூமிலிருந்து வந்த அன்று பார்த்த முகம். சொல்லை விழுங்கிவிட்டார்.

மறுநாள் காலை வண்டியைக் கழுவினார். அதே இரண்டு வாளி, அதே துணி, அதே பொறுமை. நீலம் திரும்பி வந்தது. ஆனால் வெயில் சாய்வாகப் பட்டபோது பானெட்டில் மெல்லிய கோடுகளாக எழுத்து தெரிந்தது. ஞானப்பூவின் கையெழுத்து.

தாசையா வண்டியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார்.

“இங்க பாருங்க டீச்சர். போகவே மாட்டேங்குது. பாலிஷ் போட்டா எடுத்துரலாம். எடுக்கவா, வேண்டாமா? ஒண்ணும் புரியல.”

பல்கீஸ் குனிந்து, தலையைச் சாய்த்து, வெயிலுக்கு வாகாக நின்று வாசித்தார்.

‘அடுத்தது குற்றாலம்.’

“போயாச்சா?” என்று கேட்டார்.

“எங்க?”

“குற்றாலம்.”

“இன்னும் இல்லையே.”

“போயிட்டு வந்து கேளுங்க.”