வாசலில் நின்ற டீ

ராணுவ ரேடார் ஆபீசுக்குப் பதினோரு வருஷமாக டீ கொண்டுவருபவள் சொர்ணக்கிளி. புது இயக்குநர் வந்த அன்றே அவளை வாசலில் நிறுத்திவிட்டார்.

"நீ வெளியாள்! உன் தாத்தாவோட பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்தாதான் உள்ளே விடுவேன்."

"சரிங்க ஐயா."

ஆயுத பூஜை வந்தது. சொர்ணக்கிளி வாசலிலேயே எல்லாருக்கும் பொரி கொடுத்தாள். "ரேடார் சாப்ட்வேர் எழுதினவங்க எத்தனை பேருங்க? அவங்களுக்கும் எடுத்து வைக்கணும்."

சாப்ட்வேர் வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டர் பொரியை வாங்கிக்கொண்டு பெருமையாகச் சொன்னார்: "பாதி வேலையை வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கொடுத்தோம். அவங்க யார் யாருக்கோ பிரிச்சுக் கொடுத்துட்டாங்க. எத்தனை பேர்னு எனக்கே தெரியாதும்மா!"

சொர்ணக்கிளி, பக்கத்தில் பொரி மென்றுகொண்டிருந்த இயக்குநரைப் பார்த்தாள். "அவங்க தாத்தா சான்றிதழெல்லாம் வாங்கிட்டீங்களா ஐயா?"

இயக்குநர் பொரியைக் கீழே வைத்துவிட்டு காண்ட்ராக்டர் பக்கம் திரும்பினார்.

அன்றைக்கே டீ உள்ளே போனது. அத்தனை தாத்தாக்களின் சான்றிதழும் வரும்வரை சாப்ட்வேரோடு காண்ட்ராக்டர் வாசலில் நிற்கட்டும் என்று உத்தரவாயிற்று.