சர்வேயர் எண்ணிய பனைகள்

ஓய்வு பெற்ற சர்வேயர் ஆவுடையப்பனுக்கு அறுபத்து மூன்று வயது. அவருக்கு ஓவியம் கற்றுக்கொடுத்த பெர்னதெத் டீச்சருக்கு முப்பத்து நான்கு.

டீச்சர் எண்ணெய் வண்ணத்தில் இம்ப்ரெஷனிஸ முறையில், அந்த நேரத்து வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வண்ணத் தீற்றல்களாக வரைபவர். அவரிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. விடிந்ததும் கடற்கரைக்கு வர வேண்டும். அரை மணி நேரம் வரைய வேண்டும். வெளிச்சம் மாறியதும் பெட்டியை மூடிவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படத்தைத் தொடக் கூடாது.

சனிக்கிழமை அந்தக் கரையில் துறைமுக வேலை தொடங்க இருந்தது. கல் லாரிகள் வருவதற்காக, வரிசையாக நின்ற பனைகளை வெட்டிப் பாதை போடுவார்கள். அதற்கான வரைபடம், பணியில் இருந்தபோது ஆவுடையப்பனே அளந்து வரைந்தது.

"அதில எல்லாம் சரியா இருக்கு டீச்சர். ஆனா ஊர்க்காரங்க பாத்துட்டு, 'இது எந்த ஊரு'ன்னு கேட்டாங்க. கரை போறதுக்குள்ள, பாத்ததும் 'எங்க ஊரு'ன்னு சொல்ற மாதிரி ஒண்ணு வரைஞ்சு கொடுத்துடணும்."

"எத்தனை நாள் இருக்கு?"

"மூணு."

"போதும்."

புதன்கிழமை காலை ஆவுடையப்பன் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். பிறகு மெல்லிய பிரஷ்ஷால் பனைகளை ஒவ்வொன்றாக வரைந்தார். ஓலைகளைக்கூட விடவில்லை.

மீன் விற்கும் சலேத்மேரி, கணவரின் வள்ளம் கரைக்கு வரக் காத்திருந்தார்.

"என்ன சர்வேயர் சார், கடலுக்கும் பட்டா போடப் போறீங்களா?"

சிரித்தபடியே கூடையுடன் வந்து படத்தை எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இது எந்த ஊரு சார்?"

ஆவுடையப்பனின் முகம் வாடிவிட்டது. சலேத்மேரி போகும்வரை பொறுத்திருந்து கேட்டார்.

"ஒண்ணையும் விடலையே டீச்சர். பதினாலு பனையும் இருக்கு. கோயில் கோபுரம் இருக்கு. அப்புறம் ஏன் ஊர் வரலை?"

டீச்சர் வண்ணம் குழைக்கும் தட்டைக் கத்தியை எடுத்தார். ஈரம் காயாத படத்தை மேலிருந்து கீழாகச் சுரண்டினார். துணியால் துடைத்தார்.

"நாளைக்கு வாங்க சார்."

வியாழக்கிழமை கடலை மூட்டம் மூடியிருந்தது. ஆவுடையப்பன் குனிந்து வரைந்துகொண்டிருந்தார்.

"பனை எத்தனை சார்?" என்றார் டீச்சர்.

"பதினாலு."

"பாத்துச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மூட்டத்துக்கு மேலே மூன்று பனைகளின் தலைகள் தெரிந்தன. மற்றவை ஒரே நிழலாகக் கலந்து கிடந்தன.

"பதினாலுதான் டீச்சர். நானே எண்ணி எழுதினது."

"என்ன நிறம்?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். பச்சை என்று சொல்ல வந்தவருக்கு அங்கே நீலம்தான் தெரிந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். வெளிச்சம் மாறிவிட்டது.

அன்று அவரே கத்தியை எடுத்துப் படத்தைச் சுரண்டினார்.

வெள்ளிக்கிழமை பென்சிலும் மெல்லிய பிரஷ்ஷும் வீட்டிலேயே இருந்தன. ஓர் அகலப் பிரஷ் மட்டும் கொண்டுவந்திருந்தார். அன்றும் மூட்டம்தான்.

கோடு போடவில்லை. நீரின் ஊதாவை வைத்தார். அதன் பக்கத்திலேயே சாம்பல் பச்சையை வைத்தார். பனைகள் நின்ற இடத்தில் ஒரு நீலத் தீற்றல் விழுந்தது, அதன்மேல் மூன்று தலைகள். தூரத்தில் காவி நிறத்தில் ஏதோ அசைந்தது. என்னவென்று யோசிக்கவில்லை. காவியைத் தொட்டு ஒரு பொட்டு வைத்தார்.

பின்னால் சலேத்மேரி வந்து நின்றார். இன்று கேலி பேசவில்லை.

"எங்க வீட்டுக்காரரு வந்துட்டாரு," என்றார்.

அவர் கடலைப் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடினார். காவிப் பாய் கட்டிய வள்ளம் மூட்டத்திலிருந்து வெளியே வந்தது.

ஆவுடையப்பனின் கை நின்றுவிட்டது. படத்தைப் பார்த்தார். பனைகளைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

"டீச்சர், இதில மூணு பனைதான் தெரியுது. நாளைக்கு ஒண்ணுமே இருக்காது. மிச்சம் பதினொண்ணையும் சேத்துடட்டுமா?"

டீச்சர் கீழ்வானத்தைப் பார்த்தார்.

"வெட்ட வர்றவங்க எண்ணிக்கிடுவாங்க சார். வெளிச்சம் இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. வரைங்க."