சுமந்த முதுகுக்கு ஈடு

தீர்ப்புச் சொல்வதில் நம்மவர்களுக்கு இணை கிடையாது. அதனால் இந்த வழக்கை உங்களிடம் கொண்டுவருகிறேன். முழுவதும் கேட்டுவிட்டு வாயைத் திறவுங்கள்.

பெரு நாட்டில், ஆண்டிஸ் மலையில், கெச்சுவா மக்களின் சிற்றூர் ஒன்று. ஊருக்கு மேலே, பனிமலையின் மடியில் ஓர் ஏரி. அந்த ஏரிக்கு உயிர் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. கரையில் யாரும் சத்தம் போடமாட்டார்கள். மூன்று கோக்கா இலைகளைச் சேர்த்துப் பிடித்து, ஊதி, ஏரிக்குப் படையலாகக் கரையில் வைத்துவிட்டுத்தான் தண்ணீரைப் பார்ப்பார்கள். அதைக் காண மதுரையிலிருந்து குமணன் என்பவன் போனான். வழிகாட்டி, இலாரியோ என்ற பெரியவர்.

கரையை அடைந்ததும் குமணனுக்கு மூச்சு முட்டியது. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, உடனே கீழே போகாவிட்டால் உயிர் தங்காது. இலாரியோ அவனைப் போர்வையில் கட்டி, முதுகில் வாங்கி, ஊர்வரைக்கும் இறக்கிக் கொண்டுவந்தார். வளைவுக்கு வளைவு "இருக்கியா தம்பி?" என்று கேட்டார். அவன் "இருக்கேன்" என்று முனகினான். இறங்க இறங்க மூச்சு திரும்பியது.

தேறியதும் அவன் பணத்தை நீட்டினான்.

"இதுக்குக் காசு வாங்கினா ஊர்ல தலைகாட்ட முடியாது. எங்ககிட்ட ஐனின்னு ஒரு முறை இருக்கு. ஒருத்தன் உன் கிழங்கு வயல்ல மண்வெட்டி பிடிச்சா, நீ அவன் வயல்ல பிடிக்கணும். நான் உன்னைச் சுமந்தேன். ஒருநாள் நீ என்னைச் சுமக்கணும்."

"சத்தியமாச் சுமக்கறேன் அண்ணே" என்றான் குமணன். ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் யார்தான் சத்தியம் செய்யமாட்டார்கள்?

சில வருடங்கள் கழித்து அவன் மறுபடி வந்தபோது இலாரியோ படுக்கையில் கிடந்தார். கால் இரண்டும் விழுந்துவிட்டன. அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம். கடைசியாக ஒருமுறை ஏரிக்கரையில் இலை வைக்க வேண்டும்.

"என்னை ஏரிக்குத் தூக்கிட்டுப் போ, தம்பி."

குமணனோ போன தடவை வெறுங்கையோடு ஏறியே சாகக் கிடந்தவன். சுமையோடு ஏறினால் இரண்டு பிணம். அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு குதிரையைப் பிடித்து வந்து வாசலில் நிறுத்தினான்.

"என்னைச் சுமக்கறேன்னு குதிரையா சத்தியம் பண்ணுச்சு?" என்று இலாரியோ அதைத் திருப்பி அனுப்பினார்.

அவர் மனைவி பசீலியா அடுப்படியில் இருந்தாள். இதைத் தீர்க்கும் வழி அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. மேலே கொடுங்குளிர், போனால் மனுஷன் திரும்புவாரோ என்ற பயம். கிடந்தாலும் கண்ணெதிரே கிடக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

இலாரியோவும் குமணனும் முகம் கொடுத்துப் பேசாமலே நாட்கள் போயின. ஏரி இருக்கும் திசையைப் பார்த்தபடியே இலாரியோ செத்துப்போனார்.

சத்தியத்தைப் பிடித்துத் தொங்கியவர் ஒருவர். உயிருக்குப் பயந்தவன் ஒருவன். தெரிந்தும் வாயை மூடியவள் ஒருத்தி. இதில் யார் செய்தது சரி? பசீலியா சொல்லாமல் விட்ட வழி எது?

ஒருவர் செய்ததும் சரியில்லை. ஐனியில், செய்த வேலைக்கு அதே வேலைதான் ஈடு. இலாரியோ அவனை ஏற்றவில்லை, இறக்கினார். ஏறுவதற்கு இருவருக்கும் குதிரை, இறங்க இறங்க மூச்சு திரும்பும் என்பதால் இறங்குவதற்குக் குமணனின் முதுகு; அவ்வளவுதான் வழி. அடக்கத்தன்று பசீலியா அதைச் சொல்லிவிட்டு அழுதாள். இடுகாடு ஊருக்குக் கீழே, சரிவில் இருந்தது. "இப்பவாவது இறக்கு" என்றாள். போர்வையில் கட்டிய உடலை முதுகில் வாங்கிக்கொண்டு குமணன் இறங்கினான். முதல் வளைவில் "இருக்கீங்களா அண்ணே?" என்று கேட்க வாயெடுத்தான். கேட்கவில்லை.