சாட்சிப் பொருளை விழுங்கிய பாம்பு

அல்லிக்குளத்தங்கரையில் துப்பாண்டி என்றொரு உடும்பு இருந்தது. காட்டில் குற்றம் நடந்தால் துப்புத் துலக்குவது அதன் வேலை. வேலையைவிட அலட்டல் அதிகம்.

ஒரு காலத்தில் அது நிஜமாகவே கெட்டிக்கார உடும்புதான். நாகரத்தினம் என்ற பாம்பு நீர்க்கோழிக் கூடுகளில் புகுந்து, பசிக்குத் தின்றது போக, பொழுதுபோக்குக்கும் குஞ்சுகளைக் கொன்று வந்தது. துப்பாண்டி நாக்கால் மண்ணை நக்கி, வாசனை பிடித்தே அதன் புற்றுவரை போய்விட்டது. "கொல்ல வேண்டாம், புற்றுக்குள்ளேயே கிடக்கட்டும்" என்று காட்டுச் சபை தீர்ப்புச் சொன்னது. துப்பாண்டி புற்று வாசலில் ஒரு கல்லை உருட்டி வைத்தது. காற்றுக்கு ஒரு இடுக்கு மட்டும் விட்டது.

கொஞ்ச நாளில் மறுபடி ஒரு கூடு சூறையாடப்பட்டது. துப்பாண்டி இப்போது பெரிய ஆள். மண்ணை நக்குவது மானக்கேடு! கூட்டில் மிஞ்சிய முட்டையைத் தூக்கிக்கொண்டு புற்றுக்குப் போனது.

"அண்ணே, இது யார் வேலை?"

"வா தம்பி! உனக்கும் பிளந்த நாக்கு, எனக்கும் பிளந்த நாக்கு. நாம பங்காளிங்க. உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லப்போறேன்? பாம்பின் கால் பாம்பறியும்னு சொல்லுவாங்க. எனக்குக் கால் இல்லை, அது வேற விஷயம். அந்தச் சாட்சிப் பொருளை உள்ளே தள்ளு!"

நாகரத்தினம் சாட்சிப் பொருளை விழுங்கியது. யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் கிடந்தது.

"கீரி!" என்றது.

கீரியை ஆற்றுக்கு அக்கரைக்கு விரட்டினார்கள். அடுத்த கூடு, அடுத்த முட்டை. "மயில்!" என்றது பாம்பு. "நானா?" என்று மயில் தோகையை விரித்துக்கொண்டு அழுதது. "அழகா இருக்கிறவங்களை நம்பவே கூடாது!" என்று துப்பாண்டி சபையில் முழங்கியது. அதன் பிறகு பருந்தும் போனது. பாம்புக்கு ஆகாதவர்களே ஏன் வரிசையாகக் குற்றவாளிகள் ஆகிறார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கைதட்டிக்கொண்டே யோசிப்பது கஷ்டம்.

துப்பாண்டிக்கோ நாகரத்தினத்தின்மேல் பாசமே வந்துவிட்டது. குற்றம் நடக்காத நாளிலும் புற்றடியில் போய் உட்கார்ந்து, பெண்டாட்டியிடம் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொன்னது. "உன்னை மாதிரி அறிவாளி உண்டா தம்பி?" என்று பாம்பு இடுக்கு வழியாகப் பெருமூச்சு விடும். துப்பாண்டிக்கு வால் நுனிவரை புல்லரிக்கும்.

ஒருநாள் காலை செம்மூக்கி என்ற நீர்க்கோழியின் கூடு நாசமாகிக் கிடந்தது. ஒரே ஒரு முட்டை மிச்சம்.

"அந்தச் சாட்சிப் பொருளைக் கொடும்மா" என்றது துப்பாண்டி.

"தரமாட்டேன்! எனக்கு மிஞ்சினது இது ஒண்ணுதான். என் தங்கச்சி முட்டையைக் கொண்டுபோனீங்களே, திரும்பி வந்ததா?"

"அது... இன்னும் விசாரணையில இருக்கு."

"உங்க நாக்கு பேசுறதுக்கு மட்டும்தானா? ஒரு தடவை நக்கித்தான் பாருங்களேன்!"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் துப்பாண்டி மண்ணை நக்கியது. உடனே அதன் முகம் செத்துப்போனது. தினமும் புற்றடியில் உட்கார்ந்து பழகிய வாசனை அது!

வாசனை நாணல் வழியாகப் போய், புற்றின் பின்பக்கம் ஒரு புதருக்கடியில் முடிந்தது. அங்கே இன்னொரு வாசல்! புற்றுக்கு ஒரே வாசல் என்று நினைத்த உடும்பு உலகத்திலேயே இது ஒன்றுதான். அதுவும் புற்றில் பிறந்த உடும்பு!

வாசலில் நாகரத்தினம் வயிறு புடைக்கப் படுத்திருந்தது.

"அண்ணே! நீயா?"

"நானேதான் தம்பி. சபையில போய்ச் சொல்லு. எனக்கு முட்டை ஊட்டினது யாருன்னு நானும் சொல்றேன். மிச்சமிருக்கிற முட்டையை நாளைக்கு எடுத்துக்கறேன். பழியை யார் மேல போடலாம்னு சாயங்காலம் வா, பேசலாம்."

சொல்லிவிட்டு, சாவகாசமாகப் புற்றுக்குள் தலையை நுழைத்தது.

துப்பாண்டிக்குத் துக்கம் பொங்கியது. மானம் போனதற்கா, நண்பன் போனதற்கா என்று அதற்கே தெரியவில்லை. ஒரே பாய்ச்சல்! பாம்பின் வாலைக் கவ்வி, நகங்களைத் தரையில் ஊன்றிக்கொண்டது. குறுகலான பொந்துக்குள் பாம்பால் தலையைத் திருப்ப முடியவில்லை.

பின்னாலேயே வந்த செம்மூக்கி, "விட்டுடாதீங்க!" என்று கத்திவிட்டு அக்கரைக்குப் பறந்தது. கீரியோடு திரும்பி வந்தது.

கீரி வசதியாக உட்கார்ந்துகொண்டது. "என்ன துப்பாண்டியாரே, சவுக்கியமா? நான் குற்றவாளி ஆச்சே! முதல்ல மன்னிப்புக் கேளும்!"

வாயைத் திறந்தால் பாம்பு போய்விடும். "ம்ம்... ம்ம்ம்!" என்றது துப்பாண்டி.

"சரியாக் காதுல விழலையே!"

துப்பாண்டியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"அவர் கேட்டாச்சு, போதும்! என் முட்டைக்காக வாப்பா!" என்று செம்மூக்கி கெஞ்சியது.

கீரி எழுந்தது. பிறகு நடந்தது கீரிக்கும் பாம்புக்கும் உள்ள பரம்பரை விவகாரம்.

சபையில் துப்பாண்டி ஒன்றையும் மறைக்கவில்லை. மயிலும் பருந்தும் ஊர் திரும்பின. முட்டை பொரியும்வரை செம்மூக்கியின் கூட்டுக்குத் துப்பாண்டி காவல் இருக்க வேண்டும், முட்டையைத் தொடக் கூடாது என்று தீர்ப்பானது. ஓர் உடும்புக்கு இதைவிடக் கொடிய தண்டனை உண்டா! எச்சிலை விழுங்கிக்கொண்டே அது காத்துக் கிடந்தது. குஞ்சு பொரிந்து வெளியே வந்ததும் முதலில் துப்பாண்டியின் மூக்கைத்தான் கொத்தியது.

கொலைகாரனிடம் துப்புக் கேட்டால், தன் பெயரைத் தவிர ஊரில் உள்ள எல்லார் பெயரையும் சொல்வான்.