முதல் தீர்த்தம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மலையே இல்லாத ஒரு நாடு இருந்தது. கண்ணுக்கு எட்டியவரை வயல். அதற்கு அப்பாலும் வயல். அங்கே உலைமாரன் என்றொரு மந்திரவாதி வந்து, செம்பு உருக்கும் உலைகளை மூட்டினான். செம்பு அவன் மாளிகைக்குப் போனது. உருக்கி மிஞ்சிய கசடு, மருதாயி என்ற பெண்ணின் தெருவுக்கு வந்தது.

ஒரு கூடை, நூறு கூடை, லட்சம் கூடை. கறுப்பாக ஒரு குன்றே எழுந்துவிட்டது. அதன் அடியிலிருந்து பச்சையாகக் கசிந்த நீர் தெருக்கிணற்றில் இறங்கியது. அதைக் குடித்த மருதாயியின் தங்கை சிட்டுவுக்கு உடம்பெல்லாம் கொப்புளம்.

தெருவே திரண்டு அரசனிடம் முறையிடக் கிளம்பியது. உலைமாரன் விரலைச் சொடுக்கினான். அவ்வளவுதான், 'கசடு' என்று சொல்ல வாயெடுத்தவர்களுக்கெல்லாம் 'மலை' என்றே வந்தது.

"அரசே, எங்க தெருவுல மலை!"

"மலை கிணத்தைக் கெடுக்குது!"

"மலையை அள்ளச் சொல்லுங்க!"

அரசன் சிரித்தான். "நாட்டுக்கு ஒரு மலை வந்திருக்கிறது. அதையும் குறை சொல்கிறீர்களே!" உச்சியில் கொடி நட்டு, பங்குனியில் வலம் வருவதாகவும் பறையறைவித்தான்.

மருதாயி விடவில்லை. உலைமாரன் வாசலில் போய் நின்றாள். "அது என்னன்னு உனக்குத் தெரியும். சொல்லு!"

"தெரியுமே! அதன் பெயரைச் சொல்ல என் ஒரு நாக்கால்தான் முடியும். சொன்னால் மந்திரம் போச்சு. சொல்வேனா, அசடே?"

பங்குனி வந்தது. அரசன் வலம் வந்தான். பக்கத்தில் பட்டு உடுத்தி உலைமாரன். செம்பு நிறையப் பச்சை நீரோடு மருதாயி குறுக்கே வந்தாள்.

"மலைன்னா தீர்த்தம் வேணுமே, அரசே! முதல் தீர்த்தம் மலையைக் கொடுத்தவருக்கு."

"சரியாகச் சொன்னாய்!" என்றான் அரசன்.

"விரதம்," என்றான் உலைமாரன்.

"தீர்த்தத்துக்கு ஏது விரதம்?"

"தொண்டை வலி."

"தீர்த்தம் குடிச்சா போயிடும்."

"அப்புறம் குடிக்கிறேன்."

"நீட்டின தீர்த்தத்தைத் தள்ளலாமா? வாயைத் திறங்க, நானே ஊத்தறேன்!" செம்பு அவன் உதட்டில் இடித்தது.

"சீ, எடு! அது கசடு! குடிச்சா செத்துப்போவேன்!"

மேளம் நின்றது.

"என் தங்கச்சி மூணு மாசமா இதைத்தான் குடிக்கிறா," என்றாள் மருதாயி.

கட்டுண்ட நாக்குகள் அவிழ்ந்தன. "கசடு! கசடு! கசடு!" என்று தெருவே கத்தியது. உண்மைப் பெயர் கேட்ட பொருள், தன் சொந்தக்காரனைத் தேடிப் போகுமாம். குன்று கூடை கூடையாகக் கிளம்பிப் பறந்து, உலைமாரன் மாளிகையின் கூடத்திலும் கட்டிலிலும் செம்புப் பானைகளிலும் போய் உட்கார்ந்தது.

அரசன் தலைகுனிந்து தானே கொடியைப் பிடுங்கினான். "கிணறு தெளியும்வரை இவனுக்கும் இதே தண்ணீர்தான்," என்றான். அன்று மண்வெட்டி எடுத்த உலைமாரன், ஏழே நாளில் கிணற்றைத் தூர்வாரித் தெளியவைத்துவிட்டான்! ஏழே நாள் வேலை!

சிட்டுவின் கொப்புளம் ஆறியது. கொடித்துணி அவளுக்குப் பாவாடையானது.

கதை கேட்டவர்களே, உங்கள் ஊரில் யாராவது புது மலை வைத்தால், முதல் தீர்த்தத்தை அவருக்கே கொடுங்கள்.