கொள்ளைக் கப்பல் யாருடையது?

"கணவன் செத்தால் கப்பல் துறைத் தலைவனுக்கே சொந்தம். பெண்ணுக்கு எதற்கு?" என்று தானே தீர்ப்புச் சொல்லி, உமையாழி நாச்சியாரின் மூன்று கப்பல்களையும் எடுத்துக்கொண்டார் துறைத் தலைவர் குணவீர மாராயர். என்ன நியாயமோ! நாச்சியார் அழவில்லை, அவற்றில் ஒன்றை ஓட்டிக்கொண்டு போய்க் கடற்கொள்ளைக்காரி ஆனார்.

அந்தக் கப்பலில் சோறு பொங்கிய சாத்தி ஒருநாள் கரையில் மாட்டிக்கொண்டாள். வணிகர் சபை கூடியது.

"கழுவேறாமல் தப்ப ஒரு காரணம் சொல் பார்ப்போம்!" மாராயர் மீசையை முறுக்கினார்.

"ஐயா, அன்னைக்கு நீங்க சொன்ன தீர்ப்பு இன்னும் செல்லுமா?"

"என் தீர்ப்பு கல்லில் வெட்டினது!"

"அப்போ அது உங்க கப்பல்தானே? உங்க கப்பல்லதான் நான் சோறு பொங்கினேன்."

கப்பல் அடித்த கொள்ளைக்குக் கப்பல்காரரே பொறுப்பு என்பது அந்தத் துறையின் வழக்கம். மிளகைப் பறிகொடுத்த வணிகர்கள் சட்டென்று மாராயர் பக்கம் திரும்பினார்கள்.

"எங்க மிளகு எங்கே ஓய்?"

மாராயர் பதறி எழுந்தார். "ஐயையோ, கப்பல் அந்த நாச்சியாருடையதுதான்!"

"சபையே கேட்டுக்கிடுச்சு. அப்போ முதல்ல கொள்ளையடிச்சது யாரு?" என்றாள் சாத்தி.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. மாராயர் சாத்தியின் கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னார்.

"மிச்ச ரெண்டு கப்பலையும் நான் கொண்டுவந்து விடணுமோ?" என்று முனகினார்.

"உங்களுக்கெதுக்கு ஐயா சிரமம்? நாச்சியாரே வந்து எடுத்துக்குவாங்க."